பழைய பாய்மரப்படகு கேபின் சுவர்: தேய்ச்சு வார்னிஷா, இல்ல வெள்ளை பெயிண்டா?

கரைதட்டி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப வேலை தலைக்கு மேல ஏறிருச்சு, கேக்காம முடியல. போன சீசன் முடியுற நேரத்துல 1976-ல கட்டுன 30 அடி ஃபைபர்கிளாஸ் ஸ்லூப் (ஒத்தை மாஸ்ட், அதாவது ஒத்தைப் பாய்மரக் கம்பம் உள்ள படகு) ஒண்ணு வாங்கினேன். ஹல், அதான் படகோட வெளி உடம்பு, கெட்டியா இருக்கு, எஞ்சின் ஓடுது, பாய் இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். ஆனா கேபினுக்குள்ள இறங்குனா குகைக்குள்ள போன மாதிரி இருக்கு, வீட்டுக்காரம்மா ஒரே ஒரு தடவை இறங்கிப் பாத்துட்டு "இதுல நான் படுக்கமாட்டேன்"னு சொல்லிட்டு மேல ஏறிட்டாங்க.

பல்க்ஹெட் (கேபினைக் குறுக்கால தடுக்கிற சுவர்) எல்லாம் பிளைவுட், மேல தேக்கு வெனீர் (மெல்லிசா சீவி ஒட்டுன தேக்குத் தோல்). அதுல பழைய ஓனர் வார்னிஷ் மேல எண்ணெய், எண்ணெய் மேல திரும்ப வார்னிஷ்னு கைக்கு வந்ததெல்லாம் பூசியிருக்காரு போல, சில இடத்துல கருப்பா பிசுபிசுன்னு இருக்கு, சில இடத்துல பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரியுது. ஜன்னலுக்குக் கீழ எல்லாம் கண்ணீர் வடிஞ்ச மாதிரி கறை. வலது பக்கம் மெயின் பல்க்ஹெட்ல செயின்பிளேட் போல்ட்டுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்திட்டு.

ஹல் பக்கச் சுவர்ல ஃபோம் வச்ச வினைல் ஒட்டியிருக்கு. அது தொப்பை மாதிரி தொங்குது, தட்டுனா பின்னாலேர்ந்து பழுப்பு கலர்ல தூள் கொட்டுது, காலைல எழுந்தா தலகாணி பூரா அதான்.

என்னோட பிளான்: ஆர்பிட்டல் சாண்டர்ல 80 நம்பர் உப்புத்தாள் மாட்டி பல்க்ஹெட்டை ஒரு இழு இழுத்துட்டு வெள்ளை பெயிண்ட் அடிச்சுரலாம், வினைலை ஸ்டேப்ளர் பின் வச்சு இழுத்துக் கட்டிட்டு அது மேலயும் பெயிண்ட். ரெண்டு வீக்எண்ட்ல முடிச்சுரலாம்னு கணக்கு. சரியா வருமா, எங்கயாவது மாட்டிப்பேனா? திட்டுறதா இருந்தா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திட்டிருங்க.

தச்சுக்கை:

தம்பி, முதல்ல அந்த சாண்டரைப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுங்க.

உங்க வெனீர் எவ்வளவு தடிமன்னு பாத்தீங்களா? கதவு நிலைகிட்ட இல்லாட்டி ஒயருக்காக ஓட்டை போட்டிருக்கிற இடத்துல டார்ச் அடிச்சு ஓரத்தைப் பாருங்க, மேல ஒரு மெல்லிசு கோடு தெரியும், அதான் மொத்த தேக்கும். அந்தக் காலத்துப் படகுல பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. 80 நம்பர் தாள்ல சாண்டரை ஒரே இடத்துல நாலு மூச்சு நிறுத்துனா அடுத்த அடுக்கு வெளிய வந்து பல்லைக் காட்டும், அது வேற மரம், வேற கலர், அதுக்கு மேல நீங்க எந்த வார்னிஷ் போட்டாலும் தேமல் விழுந்த மாதிரி தெரியும். நான் என் முதல் படகுல இதைப் பண்ணினேன், ஓட்டை விழுந்த இடத்தை மறைக்க அங்க ஒரு பாரோமீட்டர் மாட்டினேன், அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை விழுந்ததும் ஒரு கடிகாரம் வாங்க வேண்டியதாப் போச்சு. படகுல பித்தளை சாமான் அதிகமா மாட்டியிருக்கிறவங்க எல்லாரையும் எனக்கு அன்னிலேர்ந்து சந்தேகம்தான்.

ஆனா அதைவிடப் பெரிய விஷயம் நீங்க போற போக்குல சொல்லிட்டுப் போன அந்தக் கருந்திட்டு. செயின்பிளேட்னா மாஸ்ட்டைப் பிடிச்சு நிக்கிற கம்பியோட மொத்த இழுவையும் வாங்குற பட்டை. அது டெக்கை, அதான் படகோட மேல்தளத்தை, துளைச்சுக்கிட்டு உள்ள வந்து அந்த பல்க்ஹெட்லதான் போல்ட் ஆகியிருக்கு. படகு காத்துல சாயும்போதெல்லாம் அது மயிரிழை அசையும், அசைய அசைய டெக்ல போட்ட சீலண்ட் விட்டுரும், தண்ணி அந்தப் பட்டை வழியாவே சத்தமில்லாம இறங்கி போல்ட் ஓட்டையில பிளைவுட்டோட வெட்டு முகத்துக்குள்ள போகும். வெட்டு முகம் ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். வெளியில வெனீர் பளபளன்னு இருக்கும், உள்ள மக்கிப்போயிருக்கும்.

அதனால பெயிண்ட் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஒண்ணு, திருப்புளியோட பிடிய வச்சு அந்த பல்க்ஹெட் பூரா தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இடம் டக் டக்னு கேக்கும், கெட்ட இடம் பொத் பொத்னு கேக்கும். பொத் பொத்துன்னு கேக்குற இடத்துல, கண்ணுக்குத் தெரியாத மூலையாப் பாத்து, கூரான ஆணியால குத்திப் பாருங்க. ரெண்டு, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. ஹோஸ் பைப்ப வச்சு மொத்த டெக்கையும் ஒரேயடியா நனைச்சா ஒண்ணும் புரியாது. கீழேர்ந்து ஆரம்பிங்க, ஒரு இடத்துல 10 நிமிஷம் தண்ணி விடுங்க, ஒரு ஆள் உள்ள டார்ச்சோட உக்காந்து பாக்கட்டும், ஒண்ணும் வரலன்னா அடுத்த இடம். உள்பக்கம் சந்தேகம் வர்ற இடத்துல டால்கம் பவுடரைத் தூவி வச்சீங்கன்னா தண்ணி ஓடுன தடம் கோடு கிழிச்ச மாதிரி தெரியும். ஜன்னல் ஃபிரேம், ஸ்டாஞ்சன் (டெக் ஓரத்து வேலிக் கம்பம்) அடிக்கட்டை, ஹேண்ட்ரெயில் ஸ்க்ரூ, செயின்பிளேட், இந்த நாலும்தான் எப்பவும் குத்தவாளி. ஒழுகுற இடம் ஜன்னலுக்கு மேல இருக்கும், கறை ஜன்னலுக்குக் கீழ இருக்கும், நம்ம ஆளுங்க ஜன்னலைப் போய் நோண்டிக்கிட்டு இருப்பாங்க.

அடைக்கும்போது சிலிகான் போட்றாதீங்க, அது ஒரு தடவை பட்ட இடத்துல அப்புறம் பெயிண்டும் பிடிக்காது வார்னிஷும் பிடிக்காது, மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விலகிப்போகும். டெக் மேல இருக்கிற ஃபிட்டிங்குக்கு பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் நாடா) போதும், உலோக ஜன்னலுக்கும் அதே.

நங்கூரம்77:

இவ்வளவு யோசிக்கணுமா ப்ரோ? நான் எல்லாத்தையும் துடைச்சேன், பிரைமர் அடிச்சேன், வெள்ளை அடிச்சேன், ஆறு வருஷமா நிக்குது. கேபின் ரெண்டு மடங்கு பெருசாத் தெரியுது. 50 வருஷ தேக்கு வெனீருக்கு மாலை போட்டு கும்பிடத் தேவையில்ல.

வினைலை மட்டும் ஸ்டேப்ளர் அடிக்காதீங்க, பின்னால என்ன இருக்குன்னு நினைச்சீங்க, ஹல்!

நீலி:

வினைல் பத்தி நான் சொல்றேன், ஏன்னா போன குளிர்காலம் பூரா எனக்கு அதான் பொழப்பு.

கரைதட்டி சார், அந்தத் தூள் ஃபோம்தான். வருஷக்கணக்குல ஈரமும் சூடும் பட்டு அது தானா மக்கி மாவாயிருச்சு. மேல இருக்கிற வினைல் நல்லாத் தெரிஞ்சாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்க இப்ப ஒண்ணுமே இல்ல, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா பெயிண்டோட கனமும் சேர்ந்து கீழ வந்துரும். கழட்டித்தான் ஆகணும். கழட்டுறது சுலபம், ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா பாய் சுருட்டுற மாதிரி வந்துரும், உங்க சந்தோஷம் அங்கயே முடிஞ்சுரும். பின்னால ஹல்லோட ஒட்டிக்கிட்டு ஃபோம் பாதி பசை பாதி, வேப்பமரத்துப் பிசின் மாதிரி கையில ஒட்டிக்கிட்டு விடாது. நான் கண்டது: முதல்ல வேக்யூம் போட்டுத் தூளை எடுத்துருங்க, அப்புறம் அகலமான பட்டி பிளேடால சுரண்டுங்க, மிச்சத்துக்கு ட்ரில்ல கம்பி பிரஷ் மாட்டி லேசாக் குடுங்க, ஒரே இடத்துல அழுத்துனா பசை சூடாகி உருகி இன்னும் இழுவும். ஆரஞ்சுத்தோல் எண்ணெய்ல செய்யுற பசை நீக்கி ஒண்ணு கிடைக்குது, அதைத் தடவி அரைமணி நேரம் விட்டா நல்லா இளகுது, ஆனா அப்புறம் அந்த எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணியால ரெண்டு தடவை கழுவணும். பெயிண்ட் ஸ்ட்ரிப்பர் பக்கமே போகாதீங்க, அது பசையை மட்டும் கரைக்காது, ஹல்லோட மேல்பூச்சான ஜெல்கோட்டையும் ஃபைபரைப் பிடிச்சு வச்சிருக்கிற பாலியெஸ்டரையும் சேர்த்து இளக்கிவிட்டுரும்.

சுரண்டி முடிச்சதும் பூச்சு இல்லாத வெறும் ஃபைபர்கிளாஸ் தெரியும். அது வழவழன்னு இருக்காது, முள்ளு முள்ளா கண்ணாடி நார் நிக்கும், கையை வச்சுத் தடவினீங்கன்னா ரெண்டு நாளைக்கு நினைச்சுக்கிட்டே இருப்பீங்க. 60 நம்பர் தாளால அந்த முனைகளை மட்டும் மொட்டையடிச்சா போதும். முழுக்கை சட்டை, மணிக்கட்டுல டேப் சுத்திக்கோங்க, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கழுத்துலயும் கையிலயும் டால்கம் பவுடர் பூசிக்கோங்க, முடிச்சதும் பச்சைத் தண்ணியில குளிங்க, வெந்நீர் ஊத்துனா அரிப்பு அதிகமாகுது.

அப்புறம் என்ன போடுறதுன்னு கேட்டா, திரும்பவும் ஃபோம் வினைலான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு, நான் மாட்டேன்னுட்டேன். நாங்க போட்டது மர ரீப்பர். ஹல்லுல மேலேர்ந்து கீழ வரைக்கும் செங்குத்தா 40 சென்டிமீட்டருக்கு ஒண்ணா சின்னச் சின்ன மரச்சட்டத்தைக் கெட்டியான எபாக்ஸியால (ரெண்டு சரக்கைக் கலந்தா இறுகுற பசை) ஒட்டினோம், ஹல்லுல ஒரு ஸ்க்ரூகூட போடல. சட்டத்துக்கு நடுவுல மூடுன செல் ஃபோம் ஷீட் (தண்ணி குடிக்காத ரகம்) வெட்டி வச்சோம், ஹல்லோட நல்லா ஒட்டி, நடுவுல காத்து போற இடம் இல்லாம. அது மேல 6 மில்லிமீட்டர் தடிமன்ல 45 மில்லிமீட்டர் அகல ரீப்பரைக் குறுக்கா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடிச்சோம். அந்த இடைவெளி அழகுக்கு இல்ல, காத்துக்கு. மேலயும் கீழயும்கூட மூடாம விட்டுருங்க. குளிர்ந்த ஹல்லுல நம்ம மூச்சுக்காத்துப் பட்டு வேர்க்கும், வேர்வை காய வழி இல்லன்னா நாலாவது மாசம் பூசணம் பூக்கும். ஸ்க்ரூ எல்லாம் தலை தெரியட்டும், என்னிக்காவது கழட்டிப் பாக்கணும்.

ஒண்ணு மட்டும், ரீப்பரை மாட்டுறதுக்கு முன்னாடியே நாலு பக்கமும் வார்னிஷ் அடிச்சுருங்க. நான் மாட்டிட்டு அடிச்சேன். அந்த 5 மில்லிமீட்டர் இடுக்குக்குள்ள பிரஷ் விட்டுப் பாருங்க தெரியும்.

தச்சுக்கை:

நீலி சொன்னதுல ஒரு வரி மாத்தமாட்டேன்.

நங்கூரம் தம்பி, வெள்ளைக்கு நான் எதிரி இல்ல. அமெரிக்காவுல நதானியேல் ஹெரஷாஃப்னு ஒரு மனுஷன் இருந்தாரு, 1848-ல பொறந்து 1938-ல செத்தவரு, பந்தயப் படகு கட்டுறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல, வெள்ளைச் சுவரும் சுத்தி வார்னிஷ் போட்ட மகோகனி சட்டமும் வச்ச கேபினை இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. இருட்டுக் கேபினுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. என் சங்கடம் வேற. வார்னிஷை எப்ப வேணா பெயிண்டா மாத்தலாம், பெயிண்டைத் திரும்ப மரமா மாத்த முடியாது, ஏன்னா பெயிண்டோட நிறமி தேக்கோட நரம்புக்குள்ள போய் உக்காந்துரும், அதை எடுக்கணும்னா வெனீரையே எடுக்கணும். அதனால வெள்ளைதான்னு முடிவு பண்ணாலும் முதல்ல ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சுக் காயவிட்டு, லேசாத் தேய்ச்சு, அது மேல பிரைமரும் பெயிண்டும் போடுங்க. பின்னால யாராவது மரத்தைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா வார்னிஷோட சேத்து எடுத்துரலாம்.

நேரா மரத்து மேல அடிக்கிறதா இருந்தா வெள்ளை வழியா தேக்கு பழுப்பா கசியும், ஷெல்லாக் சேர்த்த வெள்ளை பிரைமர் ரெண்டு கோட் போட்டாத்தான் அது அடங்கும். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, அதனால எதைப் பூசுறதா இருந்தாலும் பூசுறதுக்கு சித்த முன்னாடி அசிட்டோன்ல துணியை நனைச்சுத் துடைங்க, துணி பழுப்பாகுறது நிக்கிற வரைக்கும் துணியை மாத்திக்கிட்டே இருங்க.

வார்னிஷ்னா, பழைய பூச்சை சாண்டர் இல்லாம எடுக்க ஸ்க்ரேப்பர் தகடு வச்சு நரம்போட போக்குல சுரண்டுங்க. ஹீட் கன் போட்டாலும் சரிதான், ஆனா சூடு அதிகமானா வெனீருக்குக் கீழ இருக்கிற பசை விட்டு கொப்புளம் கிளம்பும். அப்புறம் ரப்பர் கட்டையில 150 நம்பர் தாள் சுத்தி கையால. தேய்க்கிறதுக்கு முன்னாடி சுவர் பூரா பென்சில்ல குறுக்கும் நெடுக்கும் லேசாக் கிறுக்கிருங்க, கிறுக்கல் மறைஞ்சா நிறுத்திரணும், அடுத்த இடம். ஓரமும் மூலையும்தான் முதல்ல தேயும், அங்க ரெண்டு தடவைக்கு மேல கையைக் கொண்டு போகாதீங்க. கடைசியா 220.

கருப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட். இரும்பு ஸ்க்ரூ துருவும் தண்ணியும் தேக்குல இருக்கிற டேனினும் சேர்ந்து போடுற கருப்பு அது, அதைத் தேய்ச்சு எடுக்கவே முடியாது, வெனீர் அடி வரைக்கும் போயிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவுல வெந்நீர்ல தூளைக் கரைச்சு, கறை மேல மட்டும் இல்லாம முழுப் பலகைக்கும் பூசுங்க, இல்லன்னா கறை போன இடம் வெளுத்துப் புதுக்கறை மாதிரி நிக்கும். காஞ்சதும் வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், அதை நல்ல தண்ணி தொட்டு மூணு நாலு தடவை துடைச்சு எடுத்துருங்க, உலர்ந்த தூளா தேய்ச்சா மூக்குக்குள்ள போய் எரிக்கும், அது விஷம் வேற. கையுறை, கண்ணாடி கட்டாயம். ஜன்னல் கீழ இருக்கிற சாதா பழுப்புக் கண்ணீர் ஒரே தடவையில போயிரும், கருப்பு ரெண்டு மூணு தடவை கேக்கும்.

வார்னிஷ் முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, மரம் குடிக்கட்டும். அடுத்தது கால் பங்கு தின்னர். அப்புறம் ரெண்டு கோட் முழுசா. உள்ள வெயில் படாது, அதனால வெளியில மாதிரி எட்டு பத்து கோட் ஏத்தத் தேவையில்ல. மங்கல் ஃபினிஷ் வேணும்னாகூட அடியில எல்லாம் கிளாஸ் வார்னிஷ் போட்டுட்டு கடைசிக் கோட் மட்டும் சாட்டின் போடுங்க, சாட்டினுக்குள்ள இருக்கிற மங்கல் பொடி நாலு கோட்டா சேந்தா நரம்பு மேல மூட்டம் போட்ட மாதிரி ஆயிரும். டப்பாவைக் குலுக்காதீங்க, குச்சியால மெதுவாக் கலக்குங்க, குலுக்கினா நுரை நேரா சுவருக்கு வந்துரும்.

வார்னிஷ் போட்டா எப்படித் தெரியும்னு வீட்டுல காட்டணுமா, டர்பென்டைன்ல நனைச்ச துணியால ஒரு துடை துடைச்சு அவங்களைக் கூப்பிடுங்க. காயுறதுக்குள்ள மரத்தோட நிறம் அப்படியே நிக்கும்.

உப்புக்காத்து:

எல்லாரும் பூசுறதப் பத்திச் சொல்றீங்க, மூச்சப் பத்தி யாரும் பேசல.

படகு ஒரு கிண்ணம். அசிட்டோன், தின்னர் ஆவி எல்லாம் காத்தவிட கனம், மேல ஹேட்ச் (டெக்ல இருக்கிற மூடி வாசல்) திறந்திருந்தாலும் அது கீழ பில்ஜ்ல, அதான் படகோட அடிக்குழியில, போய்த் தேங்கும். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற சரக்கு. ஒரு ஸ்விட்ச் பொறி போதும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேட்டரி மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிருங்க, அடுப்பு கேஸை டாங்க்லயே மூடிருங்க. தண்ணியில மிதக்குற படகா இருந்தா பில்ஜ் காஞ்சிருக்கான்னு பாத்துட்டு பம்ப்ப நிறுத்துங்க, இல்லன்னா சுவர் காயுறதுக்குள்ள படகு முங்கிரும். ஃபேனை முன் ஹேட்ச்ல வெளிய தள்ளுற மாதிரி வச்சா பின்பக்க வாசல் வழியா நல்ல காத்து வந்துக்கிட்டே இருக்கும், ஆனா ஃபேன் மோட்டார் ஆவி போற பாதையில இருக்கக்கூடாது, அதனால நான் ஃபேனைப் பின்பக்கம் வெளியில வச்சு உள்ள தள்ளவிட்டு முன் ஹேட்ச் வழியா வெளியேத்துறேன்.

தூசிக்குப் போடுற துணி மாஸ்க் ஆவியைப் பிடிக்காது, கரிப்பொடி கார்ட்ரிட்ஜ் வச்ச ரெஸ்பிரேட்டர் வேணும். டூ-பார்ட் பாலியூரித்தேன் பெயிண்ட்டை ஸ்ப்ரே பண்றேன்னு யாராவது சொன்னா ஓடிருங்க, அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலைப் பதம் பாத்துரும், அதுக்குத் தனியா காத்து குழாய்ல வர்ற முகமூடி இருக்கிறவங்கதான் அடிக்கணும். உள்சுவருக்கு ஒன்-பார்ட் எனாமலே தாராளம்.

எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில போடாதீங்க. தேக்கு எண்ணெய், லின்சீட் எண்ணெய் எல்லாம் காயும்போது தானா சூடாகும், குவியலா இருந்தா யாரும் தொடாமலே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணி ஊத்துன தகர டப்பாவுல போட்டு மூடுங்க. பழைய பூச்சு என்ன சரக்குன்னு தெரியாத படகுல தேய்க்கிறதுக்கு முன்னாடி ஈயம் இருக்கான்னு டெஸ்ட் கிட் வச்சுப் பாத்துருங்க.

கரைதட்டி:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமா தச்சுக்கை அண்ணனுக்கு, ஆனா கேட்டிருக்கவே வேண்டாமோன்னு இருக்கு இப்ப.

சொன்ன மாதிரி தட்டிக்கிட்டே வந்தேன். இடது பக்கம் பூரா டக் டக். வலது பக்கம் மேல வரைக்கும் டக் டக்னு வந்து, செயின்பிளேட்டோட மூணாவது போல்ட்டுக்குக் கீழ சத்தமே செத்துப்போச்சு. மூலையில ஆணியை வச்சேன், அழுத்தல, சும்மா வச்சேன், 1 சென்டிமீட்டர் உள்ள போயிருச்சு. வெளிய இழுத்தா முனையில ஈரமா கருப்பா டீத்தூள் மாதிரி ஒட்டியிருக்கு. மோந்து பாத்தேன், மழைக்காலத்துல பழைய அலமாரியத் திறந்தா வருமே அந்த வாசனை. மேல வெனீர்ல ஒரு கீறல்கூட இல்லண்ணே!

தண்ணி டெஸ்ட்டும் பண்ணேன். தம்பி உள்ள உக்காந்தான், நான் மேல. ஜன்னல்ல ஒண்ணும் வரல. ஜன்னலுக்கு மேல இருக்கிற ஹேண்ட்ரெயில்ல விட்டதும் அஞ்சு நிமிஷத்துல "வருது வருது"ன்னு கத்துறான், ஜன்னல் ஃபிரேம் மேல் ஓரத்துல வந்து அங்கேர்ந்து சொட்டுது. இத்தனை நாளும் ஜன்னலத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். செயின்பிளேட்ல தண்ணி விட்டு ஒரு நிமிஷம்கூட ஆகல, பவுடர்ல கோடு விழுந்துருச்சு.

இப்ப இதுக்கு என்ன பண்றது? பட்டி பாத்து மூடிரலாமா? உளுத்த மரத்துக்கு ஊத்துற எபாக்ஸின்னு ஒண்ணு விக்குதே, ஊசியால ஏத்துறது?

தச்சுக்கை:

கூடாது. அந்தத் தண்ணி எபாக்ஸி ஜன்னல் ஓரத்துச் சட்டம் மாதிரி சுமை இல்லாத இடத்துக்கு ஓகே. இது மாஸ்ட் தொங்குற சுவர். ஊறுன மரத்துக்குள்ள அது முழுசா இறங்கவும் இறங்காது, மேல ஒரு ஓடு கட்டி உள்ள ஈரத்தை அடைச்சு வச்சுரும்.

பண்ண வேண்டியது: மாஸ்ட்டை எறக்க முடிஞ்சா எறக்கிருங்க, முடியலன்னா ஹால்யார்டை (பாய் ஏத்துற கயித்தை) அந்தப் பக்கம் டெக்ல கெட்டியான இடத்துல கட்டி மாஸ்ட்டுக்கு முட்டுக் குடுத்துட்டு ஒரு நேரத்துல ஒரு செயின்பிளேட்டை மட்டும் கழட்டுங்க. கழட்டுன பட்டையில டெக்குக்கு நடுவுல மாட்டியிருந்த பாகத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. ஸ்டெயின்லெஸ்னாலும் காத்துப் படாம ஈரத்துல கிடந்தா அரிக்கும், பழுப்புப் புள்ளியோ மயிரிழை விரிசலோ தெரிஞ்சா தூக்கிப்போட்டுட்டுப் புதுசு.

உளுத்த இடத்தை நல்ல மரம் தெரியுற வரைக்கும் வெட்டி எடுங்க, நல்லதுலயும் கொஞ்சம் சேர்த்தே எடுங்க. புதுத்துண்டு மரைன் பிளைவுட், பி.எஸ். 1088ங்கிற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளது, அதே தடிமன். சேர்க்குற ஓரத்தைச் சரிவா இழைக்கணும், தடிமன்ல 8 மடங்கு சரிவு, உங்களது 18 மில்லிமீட்டர்னா 144 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சாய்வு வரும். எபாக்ஸியால ஒட்டி ரெண்டு பக்கமும் கண்ணாடித்துணி. பல்க்ஹெட்டை ஹல்லோட சேர்க்குற ஃபைபர் பட்டை இருக்கும் பாருங்க, அது மரத்தை விட்டு உரிஞ்சிருக்கான்னு விரலால தள்ளிப் பாருங்க, இந்த வயசுப் படகுல பாதி உரிஞ்சுதான் கிடக்கும். எபாக்ஸி காஞ்சதும் மேல மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வரும், அதைத் தண்ணியும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவிட்டுத்தான் தேய்க்கணும், கழுவாம பெயிண்ட் அடிச்சா காயவே காயாது. டெக்ல செயின்பிளேட் ஓட்டையைப் பெருசாக்கி கெட்டி எபாக்ஸியால நிரப்பி, திரும்ப அதுக்குள்ள ஓட்டை போடுங்க, அப்பத்தான் அடுத்த தடவை ஒழுகுனாலும் டெக் நடுமரம் குடிக்காது.

இந்த ஒரு பல்க்ஹெட்டுக்கு மட்டும் படகைச் சோதிச்சுச் சொல்ற ஒரு சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டிருங்க. நான் இங்கேர்ந்து எழுத்துல பாக்குறேன், அவர் கையால தொட்டுப் பாப்பாரு.

நங்கூரம்77:

சரி, நான் போய் என் வெள்ளைச் சுவரைத் தட்டிப் பாத்துட்டு வரேன்.

கரைதட்டி:

ரெண்டு வீக்எண்ட்னு ஆரம்பிச்சது பதினோரு வாரம் ஆச்சு. நிலவரம் சொல்றேன்.

வெட்ட வெட்டப் போய்க்கிட்டே இருந்துச்சு, கடைசியில 30 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம் எடுத்தேன். சர்வேயர் வந்து பாத்துட்டு சரிவை மட்டும் இன்னும் கொஞ்சம் இழைக்கச் சொன்னாரு, மத்தபடி ஓகே. ரெண்டு செயின்பிளேட்டும் புதுசு, வலது பக்கத்துல விரிசல் இருந்துச்சு. ஹேண்ட்ரெயில் முழுக்கக் கழட்டி பியூட்டைல் போட்டு மாட்டியாச்சு. அதுக்கப்புறம் மூணு பெரிய மழை, ஜன்னல் கீழ டேப் போட்டு ஒட்டி வச்ச டிஷ்யூ பேப்பர் அப்படியே காஞ்சு கிடக்கு, மூணாவது மழைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய்த் தொட்டுப் பாத்தேன்.

வெள்ளையா வார்னிஷான்னா ரெண்டும். மெயின் பல்க்ஹெட்ல ஒட்டுப்போட்ட இடம் எப்படியும் தெரியும், அதனால அங்க வார்னிஷ் அடியில வச்சு வெள்ளை. மத்த சுவர், கதவு நிலை எல்லாம் தேக்கு. ஆக்ஸாலிக் மூணு தடவை போட்டும் ஒரு இடத்துல லேசா சாம்பல் நிறத்துல நிழல் மாதிரி நிக்குது, விட்டுட்டேன். டர்பென்டைன் வித்தை பலிச்சுது, வீட்டுக்காரம்மா அந்த நிறத்தைப் பாத்துட்டு "இதை ஏன் பெயிண்ட் அடிக்கணும்னு சொன்ன"ன்னு என்னைக் கேக்குறாங்க, குகைன்னு சொன்னதே அவங்கதான். பென்சில் கிறுக்கல் இல்லன்னா கண்டிப்பா வெனீரைத் தாண்டியிருப்பேன், ஒரு மூலையில மட்டும் தாண்டிட்டேன், பாரோமீட்டர் ஆர்டர் போட்டாச்சு.

நீலி அக்கா, ரீப்பர் எல்லாம் நாலு பக்கமும் வார்னிஷ் அடிச்சு வெளியில கயித்துல தொங்குது, அடுத்த வாரம் மாட்டுறேன்.

மிச்சம் இருக்கிறது டாய்லெட் ரூம். அங்க பல்க்ஹெட்ல மரம் இல்ல, மரக் கலர்ல ஃபார்மிக்கா ஒட்டியிருக்கு. உரிக்கணுமா, மேலயே அடிக்கலாமா?

நீலி:

தட்டிப் பாருங்க, எங்கயும் தூக்கல, உள்ள பொத்துன்னு கேக்கலன்னா உரிக்காதீங்க, உரிச்சா பிளைவுட்டோட சிலாம்பும் சேர்ந்து வரும். சோப்புப் போட்டுக் கழுவி, அசிட்டோன்ல துடைச்சு, 120 நம்பர்ல பளபளப்பு மொத்தமாச் சாகுற வரைக்கும் தேய்ச்சு, வழவழப்பான பரப்புல பிடிக்கிற பாண்டிங் பிரைமர் போட்டு, அது மேல எனாமல் ரெண்டு கோட். ஒரு வாரம் தண்ணி படாம விடுங்க, நகத்தால கீறிப் பாத்து உரியலன்னா குளிக்க ஆரம்பிக்கலாம். அந்த ரூம்ல காத்து வழி இருக்கா? இல்லன்னா டெக்ல ஒரு டொரேட் வென்ட் போட்டுருங்க, தண்ணியப் பிரிச்சுக் காத்தை மட்டும் உள்ள விடுற பெட்டி அது, 1930-ல தண்ணியில இறங்குன டொரேட்ங்கிற பந்தயப் படகோட பேருதான் அதுக்கும்.

போடும்போது ஓட்டையோட ஓரத்தை எபாக்ஸியால அடைச்சுருங்க சார், திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம்.